சோடி சேரும் மரங்கள்

பழுத்துச் சிவந்த கோப்பிப் பழம் ஒன்றை இரண்டு விரல்களால் நசுக்கினால், வழுவழுப்பான கொட்டைகள் இரண்டு வெளியே வழுக்கி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் வளைந்த முதுகு. பழத்துக்குள் தட்டைப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தவை. தட்டையாக வளர வேண்டும் என்று எந்தக் கொட்டைக்கும் விதி கிடையாது. பக்கத்தில் இன்னொன்று இடத்தைப் பிடித்துக்கொண்டு வளர்வதால்தான் அந்தப் பக்கம் தட்டையாகிறது. பூவின் சூலகத்தில் இருக்கும் இரண்டு சூல்களில் ஒன்று கருக்கட்டாமலோ பாதியில் வாடியோ போனால், எஞ்சிய ஒன்று பழம் முழுவதையும் தனதாக்கிக்கொண்டு உருண்டையாகத் திரள்கிறது. வியாபாரிகள் அந்த உருண்டைக் கொட்டைகளைச் சலித்துத் தனியே பிரித்து, பீபெரி என்ற பெயரில் விற்கிறார்கள். கோப்பிக் கொட்டையின் நமக்குப் பழகிய வடிவமே, துணை ஒன்று அருகில் இருந்ததற்கான தடயம்.

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகலுக்குப் போகும் ஏ-10 வீதியில், மலைநாடு முடிந்து தாழ்நிலம் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது கலகெதர. இந்தப் பக்கத்து வளவுகள் வெளியிலிருந்து பார்க்கக் காடு போலவே தோன்றும். உள்ளே போனால் தென்னை, கமுகு, பலா, கித்துள், சாதிக்காய், கராம்பு, ஆனைக்கொய்யா, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, நிழலில் கோப்பி என்று ஒவ்வொன்றும் யாரோ நட்டதாகவோ, முளைத்ததை வெட்டாமல் விட்டதாகவோ இருக்கும். ஆய்வாளர்கள் இவற்றுக்குக் கண்டிய வனத்தோட்டம் என்று பெயரிட்டுப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறார்கள். இரண்டு என்ற எண்ணை உயிர்கள் எத்தனை விதமாகக் கையாளுகின்றன என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பெயார் என்ற ஆங்கிலச் சொல்லை நாம் நாளாந்தம் கேட்கிறோம். ஒரு பெயார் சப்பாத்து என்றால் இடமும் வலமுமாக இரண்டு. ஒரு பெயார் கத்தரிக்கோல் என்றால் ஒன்றுதான். கணவனும் மனைவியும் பெயார். சீட்டாட்டத்தில் கையில் வந்த இரண்டு ராணிகளும் பெயார். நாடாளுமன்றத்தில் எதிரெதிர்க் கட்சி உறுப்பினர் இருவர், இன்று நாம் இருவருமே வாக்களிக்காமல் இருப்போம் என்று பேசிவைத்துக்கொண்டால் அதற்கும் அதே சொல். இதன் வேர் இலத்தீனில் சமம் என்று பொருள்படும் சொல். அதற்கு அயலில் புழங்கும் கப்பிள் என்ற சொல்லின் வேரோ கட்டு, பிணைப்பு என்று பொருள்படுவது. ஒன்று ஒத்திருப்பதைச் சொல்கிறது, மற்றது சேர்ந்திருப்பதைச் சொல்கிறது. தமிழில் இணை என்ற ஒரே சொல் இரண்டு சுமையையும் தூக்குகிறது. இணையில்லாதவர் என்றால் ஒப்பில்லாதவர், இணைந்தவர் என்றால் சேர்ந்தவர். பேச்சில் வரும் சோடியும் அப்படியே.

ஒத்திருப்பதும் சேர்ந்திருப்பதும் ஒன்றல்ல என்பதை மரங்கள் நம்மைவிடத் தெளிவாக வைத்திருக்கின்றன. பல இடங்களில் அவை ஒன்றுக்கொன்று எதிராகவே நிற்கின்றன.

கோப்பியையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். கண்டி மலைகளில் 1820களில் பெருந்தோட்டமாக நடத் தொடங்கி, தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேரை நடந்தும் கடல் கடந்தும் இங்கு வரச் செய்த கோப்பி, அரபிகா. அதன் உயிரணுவில் 44 நிறமூர்த்தங்கள் உண்டு. நிறமூர்த்தம் என்பது பரம்பரைச் செய்தி எழுதப்பட்டிருக்கும் இழை. மனிதருக்கு 23 சோடி. கோப்பியின் மற்ற இனங்களுக்குப் பொதுவாக 22தான், அதாவது 11 சோடி. அரபிகாவுக்கு மட்டும் இரட்டிப்பாக இருப்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சில இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆபிரிக்காவில், இப்போது ரொபஸ்டா என்று நாம் அழைக்கும் இனமும், யூஜெனியோய்டிஸ் என்ற இன்னோர் இனமும் கலந்தன. கலப்பில் பிறந்த செடி சாதாரணமாக மலடாகியிருக்க வேண்டும். ஏனென்றால் மகரந்தமும் சூலும் உருவாகும்போது ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன் சோடியைத் தேடிப் பக்கத்தில் ஒட்டி நின்ற பிறகுதான் பிரிந்து போகும். தாயிடமிருந்து வந்த 11க்கும் தகப்பனிடமிருந்து வந்த 11க்கும் பொருத்தம் போதாவிட்டால் அந்தப் பகிர்வு குழம்பிவிடும். கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காததும் பெரும்பாலும் இதனால்தான். ஆனால் அந்தக் கோப்பிச் செடியில் முழுத் தொகுதியும் ஒரு தடவை இரட்டித்துப் போயிற்று. இப்போது ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் அச்சொட்டான சோடி கிடைத்துவிட்டது. மலடாக வேண்டிய செடி காய்த்தது. காலையில் நாம் ஊற்றும் கோப்பிக்குப் பின்னால் இருப்பது இந்த நிகழ்ச்சிதான்.

அரபிகாவுக்கு இன்னொரு குணமும் வாய்த்தது. அதன் பூ தன் மகரந்தத்தைக்கொண்டே கருக்கட்டிவிடும். தனிச் செடி ஒன்று போதும். 1714இல் அம்ஸ்டர்டாமிலிருந்து பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்குப் பரிசாகப் போன ஒற்றைச் செடியின் வழித்தோன்றல்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அக்கரைவரை பரவ முடிந்ததும் இதனால்தான். துணை தேவையில்லாத இந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. உலகமெங்கும் தோட்டங்களில் நின்ற செடிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை ஆகிவிட்டன. 1869இல் இலங்கையில் பூஞ்சை நோய் ஒன்றால் இலைகளின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூள் படியத் தொடங்கியபோது, எதிர்த்து நிற்கக்கூடிய வேறு மாதிரிச் செடி தோட்டங்களில் இல்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவெயிட்ஸ் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, இங்கிலாந்தில் பார்க்லி அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். அதன் வித்தி ஒரு பக்கம் முள்முள்ளாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் இருக்கும். பாதி வழுவழுப்பு என்பதே பெயரின் முற்பாதிக்குப் பொருள். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது.

நோய்க்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும் ரொபஸ்டா பின்னர் வளவுகளுக்குள் வந்து சேர்ந்தது. அதன் போக்கு நேரெதிர். அதன் பூ தன் மகரந்தத்தை ஏற்காது. தன்னைப் போன்ற மகரந்தம் சூல்முடியில் விழுந்தால், உள்ளே இறங்கும் குழாயைச் செடி வேதியியல் வழியில் தடுத்து நிறுத்திவிடும். ஒரே தாய்ச் செடியின் தண்டுகளை வெட்டி நட்டு நூறு செடி ஆக்கினாலும், அவை நூறும் மகரந்தத்தைப் பொறுத்தவரை ஒரே செடிதான்; தங்களுக்குள் ஒன்றுக்கொன்று உதவமாட்டா. வேறு பரம்பரையைச் சேர்ந்த ரொபஸ்டா ஒன்று அருகில் பூத்தால்தான் நன்றாகக் காய்க்கும். அச்சொட்டாக ஒத்திருப்பவை சோடி சேராமல், ஒத்திராதவை சேர்கின்றன.

கலகெதரவிலிருந்து பேராதனைக்குப் போனால், ஒன்று எது, இரண்டு எது என்ற குழப்பத்தின் மறுமுனை காத்திருக்கிறது. மகாவலி வளைந்து ஓடும் கரையில் 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிய பூங்காவில், இரட்டைத் தென்னை வரிசையாக நிற்கும் பாதை ஒன்று உண்டு. சீஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில் பிராஸ்லின், கியூரியூஸ் என்ற இரண்டு தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளர்ந்த மரம் இது. தாவர உலகிலேயே மிகப் பெரிய விதை இதனுடையது. 20 கிலோகிராமையும் தாண்டும். 1768இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவுகளில் மரத்தைக் காணும்வரை, இந்தியப் பெருங்கடல் கரைகளில் எப்போதாவது ஒதுங்கும் வெற்றுக் கொட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று யாருக்கும் தெரியாது. கடலுக்கு அடியில் காய்ப்பது என்று நம்பினார்கள், கடல் தேங்காய் என்றார்கள். மாலைதீவில் அதிகம் ஒதுங்கியதால் அறிவியல் பெயரிலும் மால்டிவிகா ஒட்டிக்கொண்டது.

இரண்டு தேங்காய்களை ஒட்டவைத்தது போலிருக்கும் அந்த விதையைக் கண்டவர்கள் எல்லோரும் இரண்டு என்றே எண்ணினார்கள். பெயரிலும் இரட்டை. ஆனால் அது ஒரே விதை. இரண்டு மடல்களுக்கும் நடுவே உள்ள பிளவில்தான் ஒற்றை முளைக்கரு இருக்கிறது. முளைக்கும்போது அங்கிருந்து தடித்த கயிறு போன்ற ஒரு தண்டு மண்ணுக்குள் சில மீற்றர் தூரம் ஓடி, தாய் மரத்தின் நிழலுக்கு அப்பால் போய்க் குருத்து விடும். இரண்டு மடல்களிலும் நிறைந்த உணவு அந்த ஒற்றைக் குருத்துக்கே நீண்ட காலம் போய்க்கொண்டிருக்கும். ஆங்கிலத்துக் கத்தரிக்கோலைப் போல, பார்வைக்கு இரண்டாகத் தெரியும் ஒன்று இது.

மரமோ, பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பாதி. இரட்டைத் தென்னையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆணில் மனிதக் கை நீளத்தையும் மிஞ்சிய பூந்தண்டு தொங்கும். பெண்ணில் காய், முற்றுவதற்கே ஆறேழு ஆண்டுகள் எடுக்கும். புயல் இரவுகளில் ஆண் மரங்கள் வேரோடு நடந்து போய்ப் பெண் மரங்களைச் சேரும், அதைப் பார்த்தவர் உயிரோடிருக்கமாட்டார் என்று சீஷெல்ஸ் மக்கள் கதை சொல்வார்கள். நடக்க முடியாத உயிர்கள் எப்படித்தான் சோடி சேர்கின்றன என்ற கேள்வி எவ்வளவு ஆழமானது என்பதை அந்தக் கதை உணர்ந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் மிகுந்த மதிப்பு உண்டு.

கராம்பு மரத்தின் கிளையைப் பார்த்தால் வேறொரு சோடி. கணு ஒவ்வொன்றிலும் இலைகள் இரண்டு எதிரெதிராக நிற்கும். அடுத்த கணுவின் சோடி, முந்தியதற்குச் செங்குத்தாகத் திரும்பியிருக்கும், கீழிருக்கும் இலைக்கு வெளிச்சத்தை மறைக்காமல். கோப்பியும் அவ்வாறே இரண்டிரண்டாகத்தான் இலை விடும். இது சப்பாத்தின் சோடி வகை, இடமும் வலமும். இதையே மூலக்கூறு அளவில் மூக்கால் உணரலாம். புதினாவின் மணத்துக்கும் சதகுப்பை விதையின் மணத்துக்கும் காரணம் கார்வோன் என்ற ஒரே பொருள். அணுக்களும் அதே, இணைந்திருக்கும் வரிசையும் அதே. ஆனால் புதினாவில் இருப்பது இடக்கை போலவும் சதகுப்பையில் இருப்பது வலக்கை போலவும் கண்ணாடி விம்பங்களாக அமைந்தவை. நம் மூக்கிலுள்ள ஏற்பிகளும் இட வலம் கொண்டவையாதலால், ஒன்று சம்பலின் மணமாகவும் மற்றது மருந்துச் சரக்கின் மணமாகவும் தெரிகிறது.

இனி ஆனைக்கொய்யா, அதாவது அவகாடோ. சிங்களத்தில் அலிகெட்டபேர. மரம் ஒன்றில் இலட்சக்கணக்கில் பூக்கள் வரும்; காயாவது ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருக்கின்றன. அப்படியானால் துணை எதற்கு என்று தோன்றும். நியூயோர்க் தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஸ்டவுட், 1920களின் தொடக்கத்தில் கலிபோர்னியாத் தோட்டங்களில் பூக்களை மணிக்கணக்கில் பார்த்திருந்து கண்டுபிடித்ததைப் படித்தபோது, அது உண்மைதானா என்று மறுபடி மறுபடி படித்தேன்.

ஆனைக்கொய்யாப் பூ ஒன்று இரண்டு தடவை மலரும். முதல் தடவை பெண்ணாக மலரும். சூல்முடி மட்டும் தயார், மகரந்தப் பைகள் மூடியிருக்கும். சில மணி நேரத்தில் பூ முழுவதுமாக மூடிக்கொள்ளும். அடுத்த நாள் மறுபடி மலரும்போது அது ஆண்; மகரந்தம் கொட்டும், சூல்முடி வாடியிருக்கும். இதுவே போதுமான அதிசயம். அதற்குமேல், மரங்களில் இரண்டு வகை உண்டு. ஏ வகை மரத்தின் பூ காலையில் பெண்ணாக மலர்ந்து, மறுநாள் பிற்பகலில் ஆணாக மலரும். பி வகை மரத்தின் பூ பிற்பகலில் பெண், மறுநாள் காலையில் ஆண். மரத்திலுள்ள பூக்கள் எல்லாம் ஒரே நேரசூசியில் நடப்பதால், வெயில் நன்றாக இருக்கும் நாளில் காலை முழுவதும் ஏ மரம் பெண்ணாகவும் பி மரம் ஆணாகவும் நிற்கும். மத்தியானத்துக்குப் பிறகு இரண்டும் இடம் மாறும். தேனீ ஒன்று இரண்டு மரத்துக்கும் மாறி மாறிப் போனாலே போதும். ஆனைக்கொய்யாச் சாதிகளில் ஹாஸ் ஏ வகை, ஃபுவெர்ட்டே பி வகை. தோட்டக்காரர்கள் இரண்டையும் கலந்து நடுவது இதற்காகத்தான்.

இந்த மரங்களில் ஆண் இனம், பெண் இனம் என்ற பிரிவினையே கிடையாது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு நாளும் இரண்டாகவும் இருக்கிறது. அவற்றைச் சோடியாக்குவது நேரம் ஒன்றுதான். நம் சொற்களில் இதற்கு இடமே இல்லை என்று நினைக்கிறேன். சோடி என்ற உடன் நம் மனம் இரண்டு பொருள்களைத் தேடுகிறது, இரண்டு கடிகாரங்களைத் தேடுவதில்லை. ஆனைக்கொய்யாவின் குடும்பத்திலேயே பிறந்த, இலங்கையின் சொந்த மரமான கறுவாவிலும் இதே இருவகைப் பூப்பு உண்டு. கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போன பட்டையின் பின்னால் இப்படி ஒரு நேர ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததை அதற்காகச் சண்டை போட்ட போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அறிந்திருக்கவில்லை.

வெயில் நன்றாக இருக்கும் நாளில் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். குளிரும் மூட்டமும் இருக்கும் நாள்களில் இந்த நேரசூசி தடுமாறும். முதல் மலர்ச்சி பிந்தும், இரண்டாவது மலர்ச்சியோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது ஒரே மரத்தில் பெண் நிலைப் பூவும் ஆண் நிலைப் பூவும் ஒரே வேளையில் திறந்திருக்கும். மலைப்பாங்கான இடங்களில் தனித்து நிற்கும் ஆனைக்கொய்யா காய்ப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆண், பெண் என்று மரமே பிரிந்து நிற்பதைத் தாவரவியலார் ஈரில்லம் என்பார்கள். கணவன் ஒரு வீட்டில், மனைவி ஒரு வீட்டில். பூக்கும் தாவர இனங்களில் நூற்றுக்கு ஆறு அளவுக்குத்தான் இப்படி. தமிழருக்கு இது புதிதல்ல. பனை ஈரில்லம். ஆண் பனையில் பாளை மட்டும் வரும், நுங்கும் பழமும் பெண் பனையில்தான். பனங்கொட்டையைப் புதைத்தவர் அது ஆணா பெண்ணா என்று அறியப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். செய்யாறு பக்கத்துத் திருவோத்தூரில் ஓர் அடியார் வளர்த்த பனைகள் எல்லாம் ஆணாகிப் போக, அயலார் ஏளனம் செய்ய, திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவற்றைக் குலை தள்ளச் செய்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. பாடுபட்டு வளர்த்த மரம் காய்க்காமல் நிற்பதன் வேதனை தெரிந்தவர்களுக்கே இப்படி ஓர் அற்புதத்தைப் போற்றத் தோன்றும்.

கலகெதரப் பக்கத்தில் அந்த வேதனையைத் தருவது சாதிக்காய். இலங்கையின் சாதிக்காயில் பெரும்பகுதி கண்டி மாவட்டத்திலிருந்தே வருகிறது. மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். அந்தத் தீவுகளுக்காக 17ஆம் நூற்றாண்டில் இரத்தம் ஆறாக ஓடியது. 1667இல் கையெழுத்தான பிரேடா உடன்படிக்கையின்படி, ரன் என்ற சின்னஞ்சிறு சாதிக்காய்த் தீவு ஒல்லாந்தரிடமும், மன்ஹாட்டன் தீவு ஆங்கிலேயரிடமும் நிலைத்தன. 1796இல் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்தபோது நாற்றுகளை அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் மற்றக் குடியேற்றங்களில் நட்டார்கள். அந்த வழியில்தான் அது இலங்கைக்கும் வந்தது.

பழத்திலேயே சோடி இருக்கிறது. மஞ்சளாக முற்றிய பழம் நடுவரம்பில் இரண்டாகப் பிளக்கும். உள்ளே பளபளக்கும் கறுப்புக் கொட்டை. அதைப் பின்னிப் பிடித்திருக்கும் இரத்தச் சிவப்பு வலை. கொட்டைக்குள் இருப்பது சாதிக்காய், வலை காய்ந்தால் வசுவாசி. ஒரே பழத்தில் இரண்டு சரக்கு, இரண்டு மணம், இரண்டு விலை. வசுவாசிக்கு நிறைக்கு நிறை விலை அதிகம். அந்தச் சிவப்பு, தாயகத்துக் காட்டில் பெரிய புறாக்களை அழைப்பதற்கு உண்டானது. புறா கொட்டையோடு விழுங்கி, வலையைச் செரித்து, கொட்டையைத் தூரத்தில் போட்டுவிடும்.

விதை போட்டு முளைத்த நாற்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆண், பாதி பெண். இலையிலோ உயரத்திலோ நம்பத்தக்க அடையாளம் எதுவும் இல்லை. பூக்கும்போதுதான் தெரியும், அதற்கு ஆறேழு ஆண்டு. நாணயம் சுண்டுவது போன்ற கணக்கு இது. இரண்டு நாற்று நட்டால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அமைய வாய்ப்பு இரண்டில் ஒன்றுதான். இரண்டுமே ஆணாகிவிட நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஐந்து நட்டால் இரண்டு பாலும் கிடைக்க நூற்றுக்கு 94 வாய்ப்பு. ஆனால் சிறிய வளவில் ஐந்து சாதிக்காய் மரத்துக்கு இடம் எங்கே? பெருந்தோட்டங்களில் நெருக்கமாக நட்டு, பூத்த பிறகு ஆண் மரங்களை வெட்டி, பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்று விட்டுவைப்பது வழக்கம்.

பூ பூத்த பின்னும் அவசரக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டும் மெழுகு போன்ற வெளிர்மஞ்சள் நிறச் சின்னக் குடங்கள், இரண்டுக்கும் இனிய மணம். ஆண் பூக்கள் கொத்தாக வரும், பெண் பூக்கள் பெரும்பாலும் தனித்தனியாக வரும். இந்த ஒற்றுமையின் காரணம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. மகரந்தம் கொண்டு போவது சின்னஞ்சிறு வண்டுகள். அவை வருவது மகரந்தத்தைத் தின்ன. ஆண் பூவில் தீனி உண்டு. பெண் பூவில் மகரந்தமும் இல்லை, தேனும் இல்லை. பிறகு எதற்காகப் பெண் பூவுக்குப் போகின்றன? சாதிக்காயின் காட்டு உறவினம் ஒன்றை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் ஆராய்ந்த ஆம்ஸ்ட்ரோங், 1997இல் இதற்கு விடை எழுதினார். பெண் பூ தன்னை ஆண் பூவாகக் காட்டிக்கொள்கிறது. அதே மணம், அதே தோற்றம். ஆண் பூக்கள் அதிகம், பெண் பூக்கள் குறைவு என்பதால் வண்டு இடையிடையே ஏமாந்தாலும் பழக்கத்தை விடாது. ஒத்திருப்பது போன்ற தோற்றம், ஒத்திராத இரண்டைச் சேர்த்துவைக்கும் கருவியாகிறது. சமம், பிணைப்பு என்ற இரண்டு பொருளும் இந்தப் பூவில்தான் ஒன்றையொன்று தொடுகின்றன.

வளவுக்குள் இருக்கும் மற்றக் கொடிகளும் செடிகளும் இதே சிக்கலுக்கு வேறு வழிகளில் விடை கண்டிருக்கின்றன. காட்டு மிளகில் ஆண் கொடி, பெண் கொடி என்று பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். தலைமுறை தலைமுறையாக மனிதர் நன்றாகக் காய்த்த கொடியையே வெட்டி நட்டு வந்ததால், வளவு மிளகில் ஒரே பூவில் இரண்டும் சேர்ந்துவிட்டன. பப்பாசியில் மூன்று நிலை: ஆண், பெண், இரண்டும் கூடியது. நம்மைப் போலவே எக்ஸ், வை என்ற நிறமூர்த்தங்கள் அதைத் தீர்மானிக்கின்றன. வை வகை இரண்டு சேர்ந்த கரு விதையிலேயே செத்துப்போகும். அங்கே ஒத்த இரண்டு சந்திப்பது மரணம்.

சாதிக்காய்க்குத் துணை வேலிக்கு அப்பாலும் இருக்கலாம். ஒரு வீட்டில் காய்க்கும் பெண் மரத்துக்கு மகரந்தம் கொடுப்பது பக்கத்து வீட்டு ஆண் மரமாக இருக்கக்கூடும். வண்டுக்குக் காணி உறுதி தெரியாது. ஆண் மரத்தை வைத்திருப்பவருக்கு ஒரு கொட்டையும் கிடைப்பதில்லை. விறகுக்காகவோ வெளிச்சத்துக்காகவோ அவர் அதை வெட்டினால், சுற்றியுள்ள வளவுகளின் காய்ப்பு குறையலாம், ஏன் என்று எவருக்கும் விளங்காமலே. காய்க்காத மரம் என்று கோடரியை எடுக்குமுன், பூக்காலத்தில் அதன் கொத்துப் பூக்களை ஒருமுறை பார்க்கும்படி அயலவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைப்பது நல்லது.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வும் உண்டு. காய்க்கும் பெண் மரத்திலிருந்து தண்டெடுத்து நாற்றில் ஒட்டினால், வளர்வது நிச்சயமாகப் பெண். ஆனால் சாதிக்காய் மரத்தின் தண்டுகளில் இரண்டு வகை இருப்பதை ஒட்டுபவர் அறிந்திருக்க வேண்டும். நேராக மேலெழும் தண்டை ஒட்டினால் நேரான மரமாகும். பக்கவாட்டுக் கிளையை ஒட்டினால், அது மரமாகிய பிறகும் தான் கிளை என்பதை மறக்காது. பக்கவாட்டில் படர்ந்து புதர் போலவே வளரும். நேர்த்தண்டு ஒரு மரத்தில் சிலவே கிடைப்பதால்தான் நல்ல ஒட்டுக்கன்று அரிதாக இருக்கிறது. ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் இந்தப் பயிர்களுக்காகவே இயங்குவது. அதன் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது. கன்று வாங்கும்போது பெண் ஒட்டா, எந்தத் தண்டிலிருந்து எடுத்தது என்ற இரண்டு கேள்வியையும் கேட்டு வாங்கவேண்டும்.

ஒரே மரத்துக்குத்தான் இடமிருக்கிறது, அயலில் ஆண் மரமும் இல்லை என்றால், பெண் மரத்தின் கிளை ஒன்றில் ஆண் மரத்தின் தண்டை ஒட்டிவிடலாம். அந்த ஒற்றைக் கிளை கொத்துக் கொத்தாகப் பூக்கும், மற்றக் கிளைகள் காய்க்கும். வண்டு இலைக்கு இலை நடந்தே வேலையை முடித்துவிடும். கவாத்துப் பண்ணும்போது எது அந்தக் கிளை என்று தெரிய, அதில் ஒரு நிறக் கயிற்றைக் கட்டிவைக்க வேண்டும்.